கழிவுக்குப் பெயர் வைப்பது யார்?

கழிவைப் பற்றி எழுதும்போது நாம் நாற்றத்தை எழுதுகிறோம், நிறத்தை எழுதுகிறோம், நோயை எழுதுகிறோம். பெயரை எழுதுவதில்லை. ஒரு பொருளுக்கு 'அபாயகரமான கழிவு' என்ற பெயர் விழுந்தால்தான் சட்டம் அதன் பக்கம் திரும்பும். அதே பொருள் 'பழைய சாமான்' ஆகிவிட்டால் அது சட்டத்தின் கண்ணிலேயே படாது. ஆகவே இந்தச் சட்டங்களின் வரலாறு, பெயர் சூட்டும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதன் வரலாறும்தான். தறிச்சத்தமும் லாரிச்சத்தமும் ஓயாத வெண்ணந்தூரில் உட்கார்ந்துகொண்டு யோசிக்கிற எனக்கு அது அப்படித்தான் படுகிறது.

உலக அளவில் இந்தப் பெயர் விளையாட்டுக்கு ஒரு கப்பல் சாட்சி. 1986இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரக் குப்பையை எரித்த சாம்பலை ஏற்றிக்கொண்டு 'கியான் சீ' புறப்பட்டது. நாடு நாடாகத் துரத்தினார்கள். 1988 தொடக்கத்தில் ஹைத்தியின் கோனாயிவ் கடற்கரையில் சுமார் 4000 டன் சாம்பல் இறங்கியது. காகிதத்தில் அதன் பெயர் உரம். குட்டு வெளிப்பட்டதும் மிச்சத்தோடு ஓடிய கப்பல், தன் பெயரையே 'ஃபெலிசியா' என்றும் பிறகு 'பெலிகானோ' என்றும் மாற்றிக்கொண்டது. கடைசியில் அது துறைமுகம் வந்து நின்றபோது சாம்பல் இல்லை, கடலுக்குள் போயிருந்தது. இதுபோன்ற சம்பவங்களின் அழுத்தத்தில்தான் 1989 மார்ச்சில் பாசல் உடன்படிக்கை உருவானது. 1992இல் இந்தியாவும் அதை ஏற்றது.

உள்நாட்டில் கதை போபாலிலிருந்து தொடங்குகிறது. 1984இன் சாவுகளுக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் 1989 ஜூலையில் அபாயகரமான கழிவு விதிகள். கழிவு 18 வகைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் அளவு. அதைத் தாண்டினால்தான் விதி பொருந்தும். பாதரசம், ஆர்சனிக், தாலியம், காட்மியம் கலந்த கழிவு என்றால், தூய உலோகமாகக் கணக்கிட்டு ஆண்டுக்கு 5 கிலோ. கடுமையான சட்டம்தானே என்று தோன்றும். ஆனால் அளப்பது யார்? ஆலையை நடத்துபவர். வகை சொல்லி அனுமதிக்கு விண்ணப்பிப்பது யார்? அவரே. பதிவேடு எழுதி வருடாந்தரக் கணக்கை வாரியத்துக்கு அனுப்புவது? அதுவும் அவரே. குற்றப்பத்திரிகையை எழுதும் பொறுப்பைக் குற்றம் செய்யக்கூடியவரிடமே கொடுத்துவிட்டு, 'ஒழுங்கா எழுதுங்க' என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

கொடைக்கானல் இதற்கு விடை சொன்னது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஓடிய வெப்பமானி ஆலை 1980களின் தொடக்கத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு, பாண்ட்ஸ் நிறுவனத்தால் மலைமேல் நிறுவப்பட்டது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமானது. 2001 மார்ச்சில் தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் சூழல் அமைப்பினரும் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய சாமான் கிடங்கில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளைக் காட்டினார்கள். 7.4 டன். 1989 விதிகள் நடைமுறைக்கு வந்து பதினோரு ஆண்டுகள் தாண்டியிருந்தன. அந்தக் கண்ணாடி திருடப்பட்டதோ இரவில் கொட்டப்பட்டதோ அல்ல. விற்கப்பட்டது. உடைஞ்ச கண்ணாடி, அவ்வளவுதான். தன் நடைமுறைகளை மீறி அது விற்கப்பட்டது என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது: 'பழைய கண்ணாடி'யை மறுபடியும் 'பாதரசக் கழிவு' ஆக்கியது எந்தப் பதிவேடும் அல்ல. கிடங்குக்குப் போய் நின்ற மனிதர்கள். பெயர் அவர்கள் வாயிலிருந்து வந்தது. காகிதம் பின்னால் வந்தது.

கொடைக்கானல் வெளிப்படுவதற்கு முந்தைய ஆண்டே, 2000இல், விதிகள் திருத்தப்பட்டு ஆறு நகல் கொண்ட பயணச் சீட்டு வந்துவிட்டது. வெள்ளை வாரியத்துக்கு, இளமஞ்சளில் லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கி ஆலை வைத்துக்கொள்ளும், மிச்சம் நான்கும் லாரியோடு போகும், கழிவைப் பெற்று அழிப்பவர் அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை லாரிக்காரருக்கும் வாரியத்துக்கும் ஆலைக்கும் அனுப்ப வேண்டும். 2016 விதிகளில் இது ஏழு நகல். எங்கள் பக்கம் லாரி என்றால் நாமக்கல். டேங்கர் ஓட்டாத குடும்பம் குறைவு. மோட்டார் வாகன விதிப்படி அபாயச் சரக்கு ஏற்றுகிற ஓட்டுநருக்கு ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், மூன்று நாள் பயிற்சிச் சான்று வேண்டும். சரி. ஆனால் அவர் படிக்கப்போவது சரக்கை அல்ல, சரக்குக்கு மற்றவர் எழுதிக்கொடுத்த பெயரை. பெயர் பொய்யென்றால் ஆறு நகலும் ஒரே பொய்யை ஆறு நிறத்தில் சொல்லும். உலகமே பெயரறிந்த போபால் கழிவு 337 டன், 2025 ஜனவரியில் 12 லாரிகளில் போலீஸ் பாதுகாப்போடு பீதம்பூருக்குப் போனது. பெயரில்லாத கழிவுக்கு ஏது பாதுகாப்பு?

நம் கண்முன் ஓடுகிற சாயத்தண்ணிக்கு வருவோம். இது 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டத்துக்குள் வருகிறது. அபாயக் கழிவு விதிகள் கழிவுநீரை வெளியே நிறுத்திவிடுகின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அதைச் சுத்தம் செய்தால் அடியில் தங்குகிற ரசாயனச் சேறு மட்டும் அபாயக் கழிவுப் பட்டியலில் ஏறும். விளைவு என்ன? சுத்தம் செய்கிறவருக்குப் பதிவேடு, பயணச் சீட்டு, வருடாந்தரக் கணக்கு. ராத்திரியோடு ராத்திரியாக ஓடையில் திறந்துவிடுகிறவருக்கு இந்தப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. சேலத்தின் சாக்கடையையும் சாயத்தையும் சுமந்து தெற்கே இறங்கும் திருமணிமுத்தாறு எந்த நகலிலும் கையெழுத்துப் போடுவதில்லை. நொய்யலுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னபோதும் வழக்கைக் கொண்டுபோனவர்கள் கீழ்மடை விவசாயிகள். சாயத்தொட்டியில் கைவிட்டு வேலை செய்பவருக்கோ இரண்டு சட்டங்களிலும் பெயரில்லை. அவர் கை நிறம் மாறியிருப்பதே அவருடைய பதிவேடு.

அதனால் சட்டம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது ஆலை முதலாளிகளுக்குத்தான் வசதி. 1995இல் தொடுக்கப்பட்ட வழக்கொன்றில் 2003 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது: ஆலை வாசலில், எந்த ரசாயனம், எவ்வளவு கழிவு என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். பலகையை எழுதுவதும் ஆலைதான். ஆனால் அது தெருவைப் பார்த்து நிற்கிறது. 2005இன் தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டு அதே ஆலை வாரியத்துக்குக் கொடுத்த வருடாந்தரக் கணக்கை வாங்கலாம். பலகை ஒன்று சொல்லும், கணக்கு ஒன்று சொல்லும், உள்ளே வேலை செய்பவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது நம் வேலை. முதலில் கேட்க வேண்டியது அந்த மூன்றாவது ஆளை.