வார விடுமுறையும் சதுரங்கக் கடிகாரமும்

சதுரங்கத்தில் வாரப் போட்டி எனப்படுவது, குறித்த கிழமையில், குறித்த அறையில், பெரும்பாலும் ஒருவரையொருவர் முன்பே அறிந்த ஆட்டக்காரர்கள், சிறு நுழைவுக் கட்டணம் செலுத்தி, காலையில் தொடங்கி மாலைக்குள் முடித்துக்கொள்ளும் போட்டியாகும். மாநிலப் போட்டிகளுக்கும் தேசியப் போட்டிகளுக்கும் கிடைக்கும் பத்திரிகை இடம் இதற்குக் கிடைப்பதில்லை; ஆயினும் பெரும்போட்டிகளில் ஆடியவர்கள் ஆடப் பழகியது இத்தகைய அறைகளில்தான் என்பதால், சென்னையிலும் அதன் வடக்கிலும் மேற்கிலும் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வரை நீளும் தொழிற்பகுதியிலும் சதுரங்கம் வளர்ந்த விதத்தை ஆராய்பவர் வாரப் போட்டியிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

பழைய திண்ணை ஆட்டத்துக்கு வாரக் கணக்கு கிடையாது. இந்தியாவின் பல பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆடப்பட்ட நாட்டு முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே முன்னேறியது. கோட்டை கட்டுதல், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் இன்றைய சலுகை இல்லாமல், அதுவரை முற்றுகைக்கு உள்ளாகாத ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம் என்ற விதி வழங்கியது. மெதுவாக விரியும் அந்த ஆட்டத்துக்கு அவசரம் தேவைப்படவில்லை. பாதியில் நின்றதை மறுநாள் தொடரலாம், எதிராளி யோசித்து முடிக்கும் வரை வெற்றிலை போடலாம். போட்டி என்ற வடிவம் வேரூன்ற வேண்டுமானால் பொதுவிதியும் கடிகாரமும் முதலில் வந்தாக வேண்டும். இரண்டு முகங்கள் கொண்டதும், ஒருவர் நகர்த்திப் பொத்தானை அழுத்தியதும் தன் ஓட்டம் நின்று எதிராளியின் ஓட்டம் தொடங்குவதுமான சதுரங்கக் கடிகாரத்தின் முன்னோடி, 1883-இல் லண்டனில் நடந்த பெரும்போட்டியில் பயன்படுத்தப்பட்டது. சுவிஸ் முறை எனப்படும் இணைசேர்ப்பு முறை 1895-இல் சூரிச் நகரில் கையாளப்பட்டது. தோற்றவரை வெளியேற்றாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒத்த புள்ளி பெற்றவர்களை ஒருவருக்கொருவர் எதிரே அமர்த்துவதும், ஒருமுறை மோதியவர்களை மறுமுறை மோதவிடாததுமே இம்முறையின் சாரம்.

கடிகாரமும் சுவிஸ் முறையும் சேர்ந்தபோது ஒரு கணக்கு கூடி வந்தது. டிரா எதுவும் இல்லை என்று கொண்டால், 32 பேரில் முழுப்புள்ளி பெற்ற ஒருவரைப் பிரித்தெடுக்க 5 சுற்றுகளும் 64 பேருக்கு 6 சுற்றுகளும் போதும். ஆளுக்கு 15 நிமிடம் என்ற விரைவு ஆட்டத்தில் ஒரு சுற்று அரைமணிக்கு மேல் போகாது. எனவே ஆறு சுற்றும், இடையிடையே ஆட்டக்காரர்களின் அட்டைகளை அடுக்கிப் பேரிங் எனப்படும் இணைசேர்ப்பைப் போடும் நேரமும், மதிய உணவும் சேர்ந்து ஒரு விடுமுறை நாளுக்குள் அடங்கிவிடுகின்றன. வாரப் போட்டியின் அளவைத் தீர்மானித்தது சதுரங்கத்தின் இலக்கணத்தைவிட வார விடுமுறையின் நீளமே என்பது இதிலிருந்து விளங்கும். அந்த விடுமுறையும் தானாக வந்ததன்று. நாராயண் மேகாஜி லோகண்டே பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி நடத்திய கிளர்ச்சியின் பின்னணியில்தான் 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வை எழுத்தில் கொண்டுவந்தது.

சென்னையில் வாரப் போட்டிப் பழக்கத்துக்கு நிலையான கூரை கிடைத்தது 1972-இல். பர்மாவின் தௌங்கூவில் 1935-இல் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து, 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரானவரும், 1959 முதல் 1981 வரையிலான காலத்தில் ஒன்பது முறை தேசியச் சாம்பியன் பட்டம் வென்றவருமான மேனுவல் ஆரோன், சோவியத் கலாச்சார மையத்தில் மிகைல் தால் சதுரங்க மன்றத்தைத் தொடங்கினார். 1960-இல் உலகச் சாம்பியனான ரீகா நகரத்துத் தால் அப்போது உயிரோடும் உச்ச ஆட்டத்தோடும் இருந்தார். அதே 1972-இல்தான் ரெய்க்யாவிக்கில் பாபி ஃபிஷர் போரிஸ் ஸ்பாஸ்கியை வென்று பட்டத்தைச் சோவியத் நாட்டிடமிருந்து பறித்தார் என்பது வேடிக்கை. மாஸ்கோ கோட்டைவிட்ட ஆண்டில் மெட்ராஸில் அதன் செல்வாக்கு ஒரு படி உயர்ந்தது.

மன்றத்தின் பயனை மூன்று வகையில் மதிப்பிடலாம் என்றாலும் முதன்மையானது நிலையான அறைதான். மேசை, நாற்காலி, பலகை, கடிகாரம் ஆகியவை வாரந்தோறும் அதே இடத்தில் இருக்கும் என்ற உறுதி இல்லாத ஊரில் எத்தனை திறமைசாலிகள் இருந்தாலும் போட்டி தொடராது. அடுத்தது சோவியத் சதுரங்க நூல்களும் இதழ்களும். மூன்றாவது, வயது பாராத கலப்பு: கல்லூரி மாணவர், வங்கி ஊழியர், ஓய்வு பெற்றவர், பள்ளிச் சிறுவர் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். முறையான போட்டிகளுக்கு அப்பால் அங்கே நடந்த ஐந்து நிமிட ஆட்டங்களில் வென்றவர் பலகையில் தொடர்வார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். தாய் சுசீலாவிடம் ஆறு வயதில் ஆட்டம் கற்ற விசுவநாதன் ஆனந்த், எழுந்து போக மனமில்லாத சிறுவனாக அங்கே பழகிய வேகமே பின்னாளில் அவருடைய அடையாளமாயிற்று. 1983-இல் தேசிய சப்-ஜூனியர் பட்டத்தை ஒன்பதுக்கு ஒன்பது புள்ளியோடு வென்ற அவர், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார்.

தொழிற்பகுதியோ வேறொரு கடிகாரத்தில் இயங்கியது. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய மோட்டார் ஆலை, அம்பத்தூரில் 1949-இல் வந்த சைக்கிள் ஆலை, ஆவடியில் 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை என வரிசையாக எழுந்த ஆலைகளும், 1971-இல் சிப்காட் நிறுவனம் தோன்றிய பின் கும்மிடிப்பூண்டியில் திரண்ட இரும்பு உருக்கு, உருட்டு ஆலைகளும் இப்பகுதியின் நாள்களை ஷிஃப்டுகளாகப் பிரித்து எழுதின. திருவள்ளூர்த் தடமும் கும்மிடிப்பூண்டித் தடமும் 1979-இல் மின்மயமானதும், நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சென்ட்ரலுக்கு வந்து மாலையில் திரும்புவது எளிதாயிற்று. 

ரயில் இருந்தும் ஞாயிறு இல்லை என்பதே தொழிலாளியின் நிலை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஞாயிற்றை விடுமுறையாக்கியது. ஆனால் அதற்கு முந்திய அல்லது பிந்திய மூன்று நாள்களுள் ஒன்றில் மாற்று விடுப்புக் கொடுத்தால் ஞாயிறன்றும் வேலை வாங்கலாம், இடைவிடாமல் பத்து நாள்களுக்கு மேல் மட்டும் வாங்கக் கூடாது என்றும் அதே பிரிவு கூறியது. உலை அணையாத ஆலையில் இந்த விலக்கு வழக்கமாகிவிட்டது. இந்த வாரம் முதல் ஷிஃப்ட், அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட் என்று சுழல்பவருக்கு ‘ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணி’ என்ற அழைப்பு பொருளற்றது. மன்றச் சதுரங்கம் அலுவலக ஊழியர்களின், மாணவர்களின் பழக்கமாகவே நின்றதற்கு அறிவாற்றல் வேறுபாடு காரணமன்று. கூலி வேறுபாட்டைவிடவும் வார அட்டவணையே வலுவான காரணம் எனக் கருத இடமுண்டு.

பெற்றோரின் ஷிஃப்ட் எப்படியிருந்தாலும் பிள்ளைக்கு ஞாயிறு விடுமுறைதான். ஆகவே தொழிற்பகுதிக்கு வாரப் போட்டி வந்து சேர்ந்தபோது அது மன்றத்தின் வழியாக வராமல் பள்ளிக்கூடத்தின் வழியாகவும் தனியார் பயிற்சி மையங்களின் வழியாகவும் வந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது அம்பத்தூர் வட்டமும் அதில் அடங்கியது. 2018-இல்தான் அது சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் அவ்வட்டத்துப் பாடியில் ஒரு கூட்டுறவு வங்கி அலுவலரின் வீட்டில் வளர்ந்த வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் முகப்பேர்ப் பகுதியின் வேலம்மாள் பள்ளியிலும், 2013-இல் ஏழு வயதில் ஆடத் தொடங்கிய குகேஷ் மேல் அயனம்பாக்கத்து வேலம்மாள் பள்ளியிலும் படித்தார்கள். பிரக்ஞானந்தா 2018-இலும், குகேஷ் 2019-இலும் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டரானார்கள்; 2023-இல் வைஷாலியும் அப்பட்டம் பெற்றதால் உலகின் முதல் அக்காள் தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் என்ற பெயர் அவ்வீட்டுக்கு வாய்த்தது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்ற கணக்கில் வென்று குகேஷ் உலகச் சாம்பியனானார்.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. இன்றைய ஒருநாள் போட்டி 9, 11, 13 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகளாகப் பிளந்து நிற்பதால், ஓய்வு பெற்றவரும் ஒன்பது வயதுச் சிறுமியும் ஒரே பலகையில் எதிரெதிரே அமரும் தால் மன்றத்துக் காட்சி அரிதாகிவிட்டது. பெரியவர்கள் மண்டபத்துக்கு வெளியே சோற்றுப் பையோடும் தண்ணீர்ப் பாட்டிலோடும் காத்திருக்கும் பெற்றோராக மாறினார்கள். கோப்பைகள் பெருகின, சர்வதேசத் தரப்புள்ளியான ரேட்டிங் ஒரு மதிப்பெண் பட்டியலைப் போல வீட்டுக்கு வீடு பேசப்படலாயிற்று. மன்றம் வளர்த்தது ஆட்டக்காரரை மட்டுமன்று, தோற்றாலும் அடுத்த வாரம் வரும் ஆட்டக்காரரை. பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடும் போட்டிகளால் அதை ஈடுசெய்ய இயலவில்லை.

வரலாற்றை எழுதுபவருக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. நீண்ட நேர ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வையும் தாளில் குறிக்க வேண்டும் என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதி. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேலும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகவும் அமையும் ரேப்பிட் ஆட்டத்திலும், பத்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ அமையும் பிளிட்ஸ் ஆட்டத்திலும் அந்தக் கட்டாயம் இல்லை. வாரப் போட்டிகள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றாகவே இருப்பதால், ஆடப்பட்டவற்றில் எஞ்சுவது சுவரில் ஒட்டப்படும் பேரிங் தாளும் இறுதிப் புள்ளிப் பட்டியலும் மட்டுமே. பொன்னேரியிலோ ஆவடியிலோ கும்மிடிப்பூண்டியிலோ பள்ளி மண்டபத்தில் போட்டி நடத்துவோர் மாலையில் அந்தத் தாள்களைக் கிழித்தெறியாமல், தேதியும் இடமும் எழுதி ஒரு கோப்பில் சேர்த்து வைப்பார்களாக.