பாகுநிலை

ஒரு திரவம் ஓடும்போது அதன் அடுக்குகளுக்கிடையே எழும் உராய்வின் அளவே பாகுநிலை. பாகு என்பதிலிருந்து பிறந்த சொல். வெல்லப்பாகு கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் இது 'பிசுக்குமை'. ஆங்கிலச் சொல்லான விஸ்காசிட்டிக்கு வேர் இலத்தீன் 'விஸ்கம்', அதாவது புல்லுருவி. அதன் பழத்திலிருந்து பறவை பிடிக்கும் பசை எடுத்தார்கள். பசை ஒட்டுவதைச் சொல்கிறது, பாகு ஓடுவதைச் சொல்கிறது. ஆகவே பாகே பொருத்தம் என்பேன்.

வெப்பம் சுமக்கும் கலவைகளில் இச்சொல்லுக்கு வேலை அதிகம். சுமார் 28 டிகிரி செல்சியசில் உருகும் ஆக்டாடெக்கேன் மெழுகை நுண்ணிய பாலிமர் உறைகளில் அடைத்து நீரில் கலக்கிறார்கள். மெழுகு உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்; உறை உடையாதவரை நீரில் கலக்காது. ஆனால் துகள் கூடக்கூடப் பாகுநிலை ஏறும். ஐன்ஸ்டைன் 1906-இல் வெளியிட்டு 1911-இல் திருத்திய சூத்திரப்படி, கனஅளவில் 2 விழுக்காடு உருண்டைத் துகள் சேர்ந்தால் பாகுநிலை 5 விழுக்காடு உயரும். செறிவு மிகுந்த கலவையில் இக்கணக்கு செல்லாது. அங்கே வேகமாகத் தள்ளத் தள்ளப் பாகுநிலை குறைவதும் உண்டு. எப்படியானாலும், பாகுநிலை ஏறினால் பம்புக்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும்.