உண்மையான ஜேம்ஸ் பாண்ட் யாரு? அண்டா கழுவும்போது வந்த சண்டை

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவிக்கிட்டிருந்தோம். "உண்மையான ஜேம்ஸ் பாண்ட் யாரு?"ன்னு பேச்சு கிளம்பிடுச்சு. இளைஞர்கள் டேனியல் கிரெய்க்னாங்க. அவங்களுக்கு மூத்தவங்க பியர்ஸ் பிராஸ்னன்னாங்க. தோட்டத்துல வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்து வளர்ந்த நம்ம சமையல்கட்டு ஐயா மட்டும், "எங்களுக்கு ஜெய்சங்கர்தான்பா"ன்னு முடிச்சுட்டார். எல்லாரும் சிரிச்சோம். ஆனா அந்தப் பேச்சுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

இயான் பிளெமிங் பாண்டை நாவலில் படைத்தது 1953-ல். 1962-ல் 'டாக்டர் நோ' படத்தில் ஷான் கானரி நடித்தார். 2021 வரை 25 படங்கள், 6 நடிகர்கள். கானரி 6, லேசன்பி 1, ரோஜர் மூர் 7, டால்டன் 2, பிராஸ்னன் 4, கிரெய்க் 5. கானரியிடம் மிடுக்கு. மூரிடம் குறும்பு. டால்டனிடம் இறுக்கம். கிரெய்க் அடிவாங்கினால் நமக்கே வலிக்கும். ஆள் மாறிக்கிட்டே இருந்தாலும் 007 என்ற எண் மட்டும் மாறல.

நம்ம பக்கம் கதை வேற. 1966-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' வந்தது. 'இரவும் பகலும்' படத்தில் முந்தின வருஷம்தான் அறிமுகமான ஜெய்சங்கர் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' ஆனார். 1970-ல் வந்த படத்துக்குப் பேரே 'சிஐடி சங்கர்'. பாத்திரத்துக்கே நடிகர் பேர்!

1968 பொங்கலுக்கு எம்.ஜி.ஆர். 'ரகசிய போலீஸ் 115' ஆக வந்தார். துப்பாக்கி இருக்கும், ஆனா பாண்ட் மாதிரி கையில் மதுக்கோப்பை இருக்காது. அடுத்த வருஷம் 'தங்கச் சுரங்கம்' படத்தில் சிவாஜி சிபிஐ அதிகாரி. அவருக்குத் துப்பாக்கியை விட முகம்தான் ஆயுதம். 1986-ல் சுஜாதா கதையில் கமலின் 'விக்ரம்'.

மலாய்ப் படவுலகிலும் அதே 1966-ல் ஒரு பாண்ட் பிறந்தார். பக்கத்துத் தைப்பிங்கில் பிறந்த ஜின்ஸ் ஷம்சுடின், 'கெராக் கிலாட்' படத்தில் ஜெஃப்ரி ஜைன் என்ற உளவாளியாக நடித்தார். இன்னைக்கு நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்?

இதுலதான் விஷயமே இருக்கு. வெள்ளைக்காரன் பாண்டை ஒரு பதவியாக்கினான். நாம நடிகரையே பாண்டாக்கினோம். சங்கருக்குப் பிறகு இன்னொரு சிஐடி சங்கர் இல்லை. 115 என்ற எண்ணை இன்னொருத்தர் வாங்கல. 36 வருஷம் கழிச்சு 2022-ல் விக்ரம் திரும்பி வந்தப்பவும், 67 வயசு கமலேதான் வரவேண்டியிருந்தது.

அது அன்புதான், தப்பு சொல்லல. ஆனா அந்த அன்புக்குள்ள ஒரு ஆபத்தும் இருக்கு. ஆள் போனா, எல்லாமே கூடவே போயிடும்.

1969-ல் கானரி இடத்துக்கு லேசன்பி வந்தார். "கானரி மாதிரி இல்லை"ன்னு பலரும் சொன்னாங்க. ஒரே படத்தோட சரி. 1971-ல் திரும்பவும் கானரியையே கூப்பிட்டாங்க. 1973-ல் வந்த மூர் கானரியைக் காப்பியடிக்கல, தன் வழியில் செய்தார். அவர் நிலைச்சார்.

ஏன் இவ்வளவு சொல்றோம்னா, நம்ம சமையல்கட்டு ஐயாவுக்கு முழங்கால் வலி. பெரிய அண்டாவுக்கு எத்தனை படி அரிசி, எப்போ அடுப்பைத் தணிக்கணும், கூட்டம் கூடினா சாம்பாரை எப்படிச் சமாளிக்கணும், எல்லாம் அவர் தலையிலதான் இருக்கு. ஒரு வரிகூட எழுதி வைக்கல. "ஐயா இருக்கார்ல"ன்னு நாமளும் கேட்டு வச்சுக்கல.

அடுத்த வெள்ளி சாயங்காலம் இரண்டு பிள்ளைங்க வந்து அவர் பக்கத்துல நின்னு கத்துக்கணும். நோட்டுப் புத்தகம் எடுத்துட்டு வாங்க. முதல் சில வாரம் "ஐயா கைப்பக்குவம் வரல"ன்னு சிலர் சொல்வாங்க. பொறுத்துக்கோங்க. சாப்பிடுற பக்தர்களும் கொஞ்சம் பொறுத்துக்கணும்.

ஐயா, இதைப் படிச்சா கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு ஜெய்சங்கர் நீங்கதான். ஆனா கரண்டி 007 மாதிரி கை மாறணும்.

வெள்ளிக்கிழமை பார்ப்போம்.