ஊத்துக்கோட்டை டூ கும்மிடிப்பூண்டி: ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் வெயில் காலத்தில் கை தசையை வலுவாக்குவது எப்படி?

அக்னி நட்சத்திரம் வந்தால் திருத்தணி, திருவள்ளூர், ஊத்துக்கோட்டை பக்கம் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அரைக்கை சட்டை, டி-ஷர்ட் வெளியே வரும் இந்த நேரத்தில்தான் 'கை கொஞ்சம் ஏறணும்' என்ற ஆசையும் பலருக்கு வரும். ஆனால், ஒரே மாதத்தில் ஏற்றிவிடலாம் என்று வெயிலில் இறங்கினால் ஆபத்து. சரியான வழி என்ன? பார்ப்போம்.

கம்பெனியில் தினமும் லோடு தூக்குறேன், அது போதாதா?

போதாது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது ஒரே தசைகள்தான் உழைக்கின்றன. எடையும் கூடுவதில்லை, ஓய்வும் கிடைப்பதில்லை. அதனால் களைப்பும் தோள்பட்டை வலியும் மிஞ்சுகின்றன. தசை வலுப்பெற மூன்று விஷயம் வேண்டும்: கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் எடை, போதுமான சாப்பாடு, இடையில் ஓய்வு.

வாரத்துக்குக் குறைந்தது 2 நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். தினமும் செய்ய வேண்டியதில்லை என்பது ஷிப்ட் ஆட்களுக்கு நல்ல செய்தி.

ஜிம் இல்லாமல் என்ன செய்யலாம்?

பலரும் பைசெப்ஸை மட்டும் பார்க்கிறார்கள். மேல்கை தசையில் பெரும் பங்கு பின்பக்கம் உள்ள ட்ரைசெப்ஸ்தான். அதனால் எல்லாப் பக்கமும் வேலை கொடுக்க வேண்டும்.

* தண்டால்: ட்ரைசெப்ஸ், நெஞ்சு, தோள் மூன்றுக்கும். தரையில் முடியாதவர்கள் சுவரில் கை வைத்துத் தொடங்கலாம்.
* தண்ணீர் கேன்: 5 லிட்டர் தண்ணீர் என்றால் 5 கிலோ. முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து மேலே மடக்கினால் பைசெப்ஸுக்கு வேலை.
* அரிசிப் பை: இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, முதுகை வளைக்காமல், பையை வயிறு வரை இழுக்கவும். முதுகும் கையும் சேர்ந்து வலுவாகும்.
* ஈரத் துண்டு: முறுக்கிப் பிழிவது முன்கைக்கும் பிடிமானத்துக்கும் நல்லது.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை, 2 அல்லது 3 சுற்று செய்யலாம். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். 12 தடவையும் சுலபமாக முடிந்தால் எடையைக் கூட்டலாம். ஒரு நாள் செய்தால் அடுத்த நாள் கைக்கு லீவு. நம்ம ஊர் கர்லாக்கட்டையும் தோளுக்கும் முன்கைக்கும் அருமையான பயிற்சி. ஆனால் அதை ஆசான் ஒருவரிடம் கற்றுக்கொண்டு சுற்றுவதே நல்லது.

பெண்கள் செய்தால் கை ஆண்கள் மாதிரி ஆகிவிடுமா?

ஆகாது. தசையைப் பெரிதாக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு. நிரம்பிய வீட்டு கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. அதை நகர்த்தவும், குடம் தூக்கவும் வலுவான கை எல்லோருக்கும் தேவை. அதே சமயம், கைப்பயிற்சி செய்தால் கையில் உள்ள கொழுப்பு மட்டும் தனியாகக் கரையும் என்பதும் உண்மையில்லை.

வெயிலில் எதைக் கவனிக்கணும்?

காலை 7 மணிக்குள் அல்லது சூரியன் இறங்கிய பிறகு செய்யுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவுடன் வேண்டாம். தூங்கி எழுந்து மாலையில் பார்த்துக்கொள்ளலாம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை பாதி அளவு போதும்.

முதல் நாளே 200 தண்டால் என்று பந்தயம் கட்டாதீர்கள். அளவுக்கு மீறினால் தசை சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடுமையான தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிறுத்திவிட்டு நிழலுக்கு வாருங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள்.

புரோட்டீன் பவுடர் வேண்டுமா?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. 60 கிலோ ஆளுக்குத் தினம் 50 கிராம். பயிற்சி செய்பவர்களுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடத் தேவைப்படலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 10 கிராம் இருக்கிறது. பருப்பு, மீன், தயிரும் சேர்ந்தால் பவுடர் செலவு மிச்சம். 'ஊசி போட்டா சீக்கிரம் ஏறும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டீராய்டு ஊசி இதயம், கல்லீரல், குழந்தைப்பேறு எல்லாவற்றையும் பாதிக்கும்.

எப்போது பலன் தெரியும்?

சில வாரங்களில் பலம் கூடுவதை உணரலாம். கை அளவில் மாற்றம் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். அதாவது இந்த மே மாதம் தொடங்கினால் ஆடியில் தெரியும். ரத்த அழுத்தம், இதயநோய், தோள்பட்டை வலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.