சாண்டோவின் ஸ்பிரிங் டம்பெல்

போன மாதம் தோள்வலிக்காக பிசியோதெரபிக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் என் கையில் ஒரு கருவியைக் கொடுத்து, "சார், முடிஞ்ச மட்டும் அழுத்திப் பிடிங்க" என்றார். மூச்சைப் பிடித்து அழுத்தினேன். 22 கிலோ. நம் ஆசியர்களில் ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால், தசை வலுக் குறைந்துவிட்டது என்று கணக்காம். துணைக்கு வந்த என் மனைவியும் சும்மா பிடித்துப் பார்த்தாள். 21. அவள் பாஸ். "நாலு பெட்ஷீட் பிழிஞ்சு பாருங்க, தன்னால வரும்" என்றாள், ஆட்டோவில் வரும்போது.

சேதி பெங்களூருக்குப் போய்விட்டது. மகன் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்ப ஆரம்பித்தான். டம்பெல் செட், பெஞ்சும் கப்பியும் சேர்ந்த ஹோம் ஜிம், இழுக்கிற ரப்பர், உள்ளங்கையில் வைத்து அமுக்குகிற கிரிப்பர். "எது வேணும்னு சொல்லுங்கப்பா, ஆர்டர் போட்டுடறேன்." தள்ளிக்கொண்டே வந்தவன் அந்த கிரிப்பர் படத்தில் நின்றுவிட்டேன். அதற்குப் பாட்டன் ஒன்றைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

கோயமுத்தூரில் பெரியப்பா வீட்டுப் பரணில் அது கிடந்தது. பார்க்க டம்பெல்தான். ஆனால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் எஃகு ஸ்பிரிங்குகள் வைத்திருந்தது. இரண்டு பாதியும் ஒட்டும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் கையை மடக்கி நீட்ட வேண்டும். பிடி தளர்ந்தால் 'டக்'கென்று திறந்துகொள்ளும். பெரியப்பா மில் ஷிப்டு முடிந்து வந்து, திண்ணையில் நின்று செய்வார். "கண்ணு, அதுல கைய வெக்காத" என்று சொன்ன மறுநாளே நான் வைத்து, சுண்டுவிரல் நசுங்கி, நகம் கறுத்து விழுந்தது. அதை அவர் 'சாண்டோ' என்றுதான் சொல்வார். சாண்டோ என்பது ஒரு ஆள் என்றே எனக்கு வெகுகாலம் தெரியாது.

1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்த ஜெர்மன்காரர். இயற்பெயர் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர், மேடைப் பெயர் யூஜின் சாண்டோ. 1889இல் லண்டன் மேடையில் சாம்சன் என்ற பலவானைத் தோற்கடித்துப் பேர் வாங்கினார். மேடையில் எடை தூக்கியவர்கள் அதற்கு முன்பும் உண்டு. இவருடைய கெட்டிக்காரத்தனம், உடம்பை வளர்ப்பதை வீட்டுச் சமாச்சாரமாக்கியதில் இருக்கிறது. 1897இல் லண்டனில் ஒரு பயிற்சிக் கூடம், அடுத்த வருஷம் ஒரு பத்திரிகை, கதவில் மாட்டி இழுக்கும் ரப்பர், பிறகு இந்த ஸ்பிரிங் டம்பெல். எல்லாம் தபாலில் வரும். ஆபீஸ் குமாஸ்தாவும் படுக்கையறையில் பத்து நிமிஷம் செய்யலாம். 1901 செப்டம்பர் 14 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆணழகன் போட்டி நடத்தினார். நடுவர்களில் ஒருவர் ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயல்!

ஸ்பிரிங் எதற்கு? வெறும் டம்பெல்லை மனசை எங்கோ வைத்துக்கொண்டு ஆட்டிவிடலாம். இதில் கவனம் நழுவினால் பிடி நழுவும், பிடி நழுவினால் கருவியே காட்டிக்கொடுக்கும். எடையும் அதிகமில்லை, உழைப்பெல்லாம் விரலிலும் முன்கையிலும். இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ளாதது ஒன்றும் உண்டு. சாண்டோ தம் உடம்பை வளர்த்தது இந்த லேசான டம்பெல்லால் அல்ல. அட்டிலா என்ற வாத்தியாரிடம் கனத்த எடைகளைத் தூக்கி வளர்த்தார். அதை வைத்து இதை விற்றார். இன்று என் மகன் அனுப்பும் படங்களிலும் அதே வித்தைதான்.

1904-05இல் சாண்டோ இந்தியாவுக்கும் வந்து காட்சிகள் நடத்தினார். வங்காளத்தில் கையில்லாத பனியனுக்கு இன்றைக்கும் 'சாண்டோ கெஞ்ஜி' என்றுதான் பேர். எங்கள் கோயமுத்தூரில் அந்தப் பெயர் பட்டமானது. பின்னால் சினிமாப் படம் எடுத்துப் புகழ்பெற்ற சின்னப்பா தேவர் இளமையில் உடற்பயிற்சிக்காரர், அதனால் 'சாண்டோ' சின்னப்பா தேவர். பெரியப்பா தலைமுறைக்கு அந்த ஒரு சொல்லே போதும், தோளை நிமிர்த்திக்கொள்வார்கள்.

இந்தக் கருவிகளை முழு செட்டாக வாங்கிப் பார்த்தவர் மராட்டிய தேசத்து ஔந்த் சமஸ்தானத்தின் ராஜா பவன்ராவ். சாண்டோவின் புத்தகங்கள், சாமான்கள் எல்லாம் வரவழைத்து, பத்து வருஷம் விடாமல் செய்தார். பிறகு அத்தனையையும் ஓரம்கட்டிவிட்டு சூரிய நமஸ்காரத்துக்கு மாறி, ராஜ்யத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் செய்யவைத்தார். 1938இல் அதைப் பற்றி இங்கிலீஷில் புத்தகமே வந்தது. பணமும் இடமும் இருந்த மனிதர் கடைசியில் வெறும் தரையைத் தேர்ந்தெடுத்தார்!

எதிர்த்திசையில் போனது நம் கர்லாக்கட்டை. இங்கே வந்த வெள்ளைக்கார சிப்பாய்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு போய், 1834இல் டொனால்ட் வாக்கர் எழுதிய தேகப்பயிற்சிப் புத்தகத்திலும் இடம்பெற்றது. இழைத்து, மெலிதாக்கி, 'இந்தியன் கிளப்' என்று பெயரிட்டார்கள். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் அதைச் சுழற்றித் தங்கம் வாங்கியவர்கள் அமெரிக்கர்கள். எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் அலமாரியில் வைத்திருந்தது அந்த மெலிந்த கட்டைதான். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த உறவுக்காரர் மாதிரி இருக்கும்.

தெற்கே இளவட்டக்கல் என்றொன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். உருண்டைக் கல், வழவழவென்றிருக்கும், பிடிக்கக் கைப்பிடி கிடையாது. அதைத் தோளுக்கு ஏற்றுகிறவன்தான் மாப்பிள்ளை என்பார்கள். கல்லின் எடையைவிடப் பிடிமானமில்லாததுதான் கஷ்டம்.

பிசியோ கொடுத்த கருவிக்கும் பழைய சரித்திரம் இருக்கிறது. எட்மே ரெக்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1798லேயே பாரிஸில் அப்படியொன்றைச் செய்து காட்டினார். டாக்டர்கள் அதை இவ்வளவு மதிப்பது இப்போதுதான். 2015இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் பிடியை அளந்தது. பிடி 5 கிலோ குறைவாக இருந்தவர்களுக்கு மரண அபாயம் 16 சதவீதம் கூடுதல். பிரஷரைவிட இது நன்றாக முன்கூட்டிச் சொன்னதாம். கையை மட்டும் முறுக்கிக்கொண்டால் ஆயுள் கூடும் என்று அதற்கு அர்த்தமில்லை. உடம்பு முழுக்க எப்படியிருக்கிறது என்பதைக் கை சொல்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் 22 என்ற எண் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

மகனுக்குப் பதில் போட்டுவிட்டேன். ஹோம் ஜிம் வேண்டாம், அது ஆறு மாதத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டு ஆகிவிடும். கர்லாக்கட்டையில் ஆசைதான், தோள் விடாது. இருப்பதிலேயே லேசான கிரிப்பர் ஒன்று, இழுக்கிற ரப்பர் ஒன்று. மற்றபடி தண்ணீர் வாளியை இரண்டு கையிலும் மாற்றி மாற்றி மாடிக்குக் கொண்டுபோகிறேன், பிசியோ பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான்.

பெரியப்பாவின் சாண்டோ, அவர் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த மாதம் மறுபடி அளக்கப் போகிறோம். அதுவரை பெட்ஷீட் பிழிவது என் வேலை. நான் பிழிந்து கொடியில் போட்டதை, நான் உள்ளே போனதும் மனைவி எடுத்து இன்னொரு தரம் பிழிகிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன்.