கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய விடைத்தாள்கள்

ஜார்ஜ் டவுன் பர்குவார் ஸ்திரீட்டில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை ஒட்டி, பாதியாக நிற்கும் பழைய கட்டடம் ஒன்று உண்டு. 1896இல் ஒரு பகுதி, 1906இல் மறு பகுதி என்று கட்டியது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஒரு பாதி போய்விட்டது. மிஞ்சிய பாதிதான் பின்னாளில் பினாங்கு மாநில அருங்காட்சியகம் ஆனது. 1928இல் கிரீன் லேனுக்குக் குடிபோகும் வரை பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் இந்த வளாகத்தில்தான் நடந்தது. மலாயாவில் ஆங்கிலம் படித்த பிள்ளைகளுக்கு எந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும், எதை எங்கே போட வேண்டும் என்று கேட்ட தேர்வுகளின் கதைக்கு இங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

பள்ளியைத் தொடங்கியவர் ரெவரண்ட் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ், 1816 அக்டோபர் 21இல். எந்த இனத்துப் பிள்ளையும் சேரலாம் என்பது அதன் கொள்கை. அங்கேயே தமிழ் வகுப்பும் நடந்தது. 2016இல் மலேசியத் தமிழர்கள் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியது அந்த வகுப்பைக் கணக்கில் வைத்துத்தான். தமிழ் வகுப்பு நின்று நின்று நடந்தது. ஆங்கில வகுப்பு நிற்கவே இல்லை. காரணம் துறைமுகம். சுங்கச் சாவடியிலும் கப்பல் கம்பெனியிலும் நீதிமன்றத்திலும் தோட்ட அலுவலகத்திலும் ஆங்கிலத்தில் கணக்கெழுத, கடிதமெழுத ஆள் வேண்டியிருந்தது. மாதச் சம்பளமும் மரியாதையும் உள்ள கிராணி வேலைக்கு ஆங்கிலமே நுழைவுச் சீட்டு.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மானியம் வாங்கும் பள்ளிகளுக்கு அரசாங்க ஆய்வாளர் வந்து தேர்வு வைப்பார். எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்று பார்த்து மானியம் தரப்படும். வாசிப்பு, சொல்வதெழுதுதல், கணக்கு ஆகியவைதான் தேர்வு. சொல்வதெழுதுதலில் எழுத்துப் பிழை வரக்கூடாது. பொருள் தெரிகிறதா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆகவே, அர்த்தம் புரியாத நீண்ட சொற்களையும் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்தார்கள்.

1891இல் நிலைமை மாறியது. 1858இல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தொடங்கிய வட்டாரத் தேர்வுகள் அந்த ஆண்டு பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து சேர்ந்தன. ஜூனியர் கேம்பிரிட்ஜ், சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற இரண்டு பெயர்களும் அதன்பின் மூன்று தலைமுறைக்கு வீட்டுப் பேச்சில் புழங்கின. ‘அவர் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ்’ என்று சொன்னால் போதும், பெண் கொடுக்கிறவர்கள் வேறெதுவும் விசாரிக்காத காலம் அது. வினாத்தாள் கப்பலில் வந்தது. விடைத்தாள் கப்பலில் போனது. பினாங்குப் பையன் எழுதிய வாக்கியத்தைத் திருத்தியவர் அவன் தெருவை ஒருநாளும் கண்டதில்லை.

இதற்கு மேல் ஒரு படியும் இருந்தது. ஆளுநர் சிசில் கிளெமெண்டி ஸ்மித் 1885இல் ஏற்படுத்திய குயீன்ஸ் ஸ்காலர்ஷிப், குடியேற்றங்களின் தலைசிறந்த மாணவர்களை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. பினாங்கில் 1879இல் பிறந்து, ஃப்ரீ ஸ்கூலில் தலைமையாசிரியர் வில்லியம் ஹார்கிரீவ்ஸிடம் படித்த வூ லியன் தே 1896இல் அதை வென்றார். கேம்பிரிட்ஜ் இம்மானுவேல் கல்லூரியில் மருத்துவம் படித்து, 1910–11இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக்கை அடக்கியவர் அவர்தான். பின்னாளில் பினாங்கின் முதலமைச்சரான லிம் சோங் இயூவும் 1937இல் அதே பள்ளியிலிருந்து அதே உதவித்தொகையைப் பெற்றார்.

கேம்பிரிட்ஜ் மரபின் ஆங்கிலத் தாள் என்ன கேட்டது? இலக்கணப் பகுப்பாய்வு, கவிதையை உரைநடையாக மாற்றுதல், கட்டுரை, சுருக்கி எழுதுதல். கடைசியாகச் சொன்னதை ‘பிரெஸி’ என்பார்கள். சொல்தேர்வைச் சோதிக்க இதைவிட நேர்மையான வழி அன்றும் இல்லை, பிறகும் வந்ததாகத் தெரியவில்லை. ஒரு நீண்ட பத்தியைக் கொடுப்பார்கள். மூன்றில் ஒரு பங்காக அதைக் குறுக்க வேண்டும். பத்தியில் உள்ள வாக்கியத்தைப் பிய்த்து ஒட்டினால் மதிப்பெண் போகும். ‘மழை பெய்யாததால் பயிர் காய்ந்து, விலை ஏறி, ஏழைகள் உண்ண வழியின்றி ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்’ என்று நாலு வரி நீளும் சேதியைப் பஞ்சம், புலம்பெயர்வு என்ற இரண்டு சொற்களுக்குள் அடக்கத் தெரிய வேண்டும். அந்தச் சொற்கள் மாணவன் மனத்தில் இருந்தால்தான் கைக்கு வரும். தாளில் எங்கேயும் அச்சடித்துத் தரமாட்டார்கள்.

இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்களும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் நிறையப் பேர். மலாயாவின் ஆங்கிலப் பள்ளிகளில் அவர்கள் இல்லாத ஆசிரியர் அறை குறைவு. இந்தியாவில் நெஸ்ஃபீல்டின் இலக்கணமும், 1930களில் வந்த ரென் அண்ட் மார்ட்டினும் எந்த அச்சில் பிள்ளைகளை வார்த்தனவோ, கிட்டத்தட்ட அதே அச்சுதான் இங்கும். வரையறை, எடுத்துக்காட்டு, பயிற்சி. பிறகு மறுபடியும் பயிற்சி.

குறை இல்லாமல் இல்லை. பினாங்குத் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசினான், தெருவில் ஹொக்கியன் கேட்டான், கடையில் மலாய் பேசிச் சாமான் வாங்கினான். ஆங்கிலம் நான்காவதாக வந்த மொழி. மற்ற மூன்றும் அதற்குள் புகாமல் எப்படி இருக்கும்? மலாயில் கூட வருவதற்கும் பின்தொடர்வதற்கும் ‘இக்குட்’ என்ற ஒரே வினைதான். ஆகவே ‘நானும் உங்களோடு வரலாமா’ என்று கேட்க நினைத்து ‘கேன் ஐ ஃபாலோ யூ’ என்கிறார்கள். பினாங்கில் எல்லாருக்கும் அது விளங்கும். கேம்பிரிட்ஜில் இருக்கிறவருக்கு யாரோ வேவு பார்ப்பதுபோலத் தோன்றும். ‘ஆன் தி லைட்’, ‘ஆஃப் தி ஃபேன்’ என்பவையும் இப்படி வந்தவைதான். இவற்றைத் தாளில் எழுதினால் தவறு. தவறு என்று திருத்தியதில் குற்றம் இல்லை. ஆனால் அது ஏன் அப்படி வருகிறது, எந்த மொழியின் வழியாக நுழைகிறது என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்லாமல் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போனதில் நியாயம் இல்லை.

1941 டிசம்பர் 11இல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு போட்டன. மூன்றரை ஆண்டுகளுக்கு ஆங்கிலப் படிப்பு அறுந்தது. போர் முடிந்தபின், வயது கடந்த பையன்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் 1929இல் பினாங்கில் பிறந்து, ஃப்ரீ ஸ்கூலில் படித்த பி. ரம்லி. மலாய்த் திரையுலகமே பின்னாளில் அவர் பெயரால் அறியப்பட்டது.

விடுதலைக்குப் பிறகு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் நிலை வேறுவிதம். ஆறாண்டுத் தமிழ்வழிப் படிப்பு முடித்து ஆங்கில இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்கள் நேரே முதலாம் படிவத்தில் உட்கார முடியாது. புகுமுக வகுப்பில் ஓராண்டு. அந்த ஓராண்டுக்குள் வரலாறும் கணிதமும் அறிவியலும் படிக்கத் தேவையான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தாக வேண்டும். 1970இல் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கி ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. ஆங்கிலம் பயிற்றுமொழி என்ற இடத்திலிருந்து ஒரு பாடமாக இறங்கியது. மாணவன் ஆங்கிலச் சொல்லைச் சந்திக்கும் மணி நேரம் சுருங்கியது. தேர்வின் தன்மையும் அதோடு மாறாமல் இருக்க முடியுமா?

மாற்றத்துக்கான கருவிகள் ஏற்கனவே தயாராக இருந்தன. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஆங்கிலம் கற்கிறவருக்கு முதலில் தேவைப்படும் ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியலை 1953இல் வெளியிட்டார். அரிய சொல்லைத் தேடி அலையாதே, அடிக்கடி வரும் சொல்லை முதலில் பிடி என்பது அவர் வழி. அதே 1953இல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர், பத்தியில் சீரான இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு வாசகரை நிரப்பச் சொல்லும் முறையை எழுதி வெளியிட்டார். ஒரு பத்தி வாசிக்க எளிதா கடினமா என்று அளக்கத்தான் அவர் அதைச் செய்தார். மாணவனை அளக்கும் கோலாக அதை மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் மலேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வான எஸ்.பி.எம்.மின் ஆங்கிலத் தாளுக்கு 1119 என்று எண். 1990களின் பிற்பகுதியிலிருந்து, கேம்பிரிட்ஜின் ஓ லெவல் தரமும் அதற்குத் தனியே தரப்பட்டதால், ஐந்தாம் படிவப் பிள்ளை உள்ள வீடுகளில் அந்த எண் மனப்பாடம். அந்தத் தாளில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் 15 இருந்தன. கட்டுரைக்கு 50 மதிப்பெண். கூடவே, 130 சொற்களுக்கு மிகாமல் ஒரு சுருக்கமும் எழுத வேண்டும். பழைய பிரெஸியின் பேரன் அது. பாதி மாணவர்கள் அதைக் கண்டு நடுங்கினார்கள் என்றால் அதற்குக் காரணம், அங்கே சொல்லைத் தாங்களே தேட வேண்டியிருந்ததுதான்.

2021ஆம் ஆண்டுக்கான தேர்வு, பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2022 மார்ச்சில் நடந்தபோது, தாள் புதிய உருவில் வந்தது. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலை ஒட்டிய அமைப்பு. வாசிப்புத் தாளில் 40 கேள்விகள். இரண்டாம் பகுதியில் ஒரு பத்தி, பத்து கோடிட்ட இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள். பறவைகளைப் பற்றிய பத்தி என்று வைத்துக்கொள்வோம். ‘அவன் ஒரு மணி நேரம் பறவைகளை...’ என்ற இடத்தில் சீ, லுக், வாட்ச், நோட்டீஸ் என்று நான்கும் வரிசையில் நிற்கும். நான்குமே கண் சம்பந்தப்பட்டவை. நீண்ட நேரம், அசைகிற பொருள், கவனம் மூன்றும் சேர்ந்தால் வாட்ச்தான் என்று பழக்கப்பட்டவனுக்குச் சட்டென்று தெரியும். நன்றாக எழுதப்பட்ட கேள்வியில் தவறான மூன்றும் இப்படி நெருங்கிய உறவாக இருக்கும். மோசமாக எழுதிய கேள்வியில் அவை சும்மா இடத்தை அடைக்கும்; எதுவும் தெரியாதவனும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் நாலில் ஒரு தடவை தப்பித்துவிடுவான்.

புதிய அமைப்பில் நல்லதும் வந்தது. பேச்சுக்கும் கேட்டலுக்கும் தனித் தாள்கள். தேர்வு இப்போது பிள்ளையைப் பேசச் சொல்கிறது. இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. போனதோ சுருக்கம். தகவலைப் பொறுக்கிக் கட்டத்தில் நிரப்புவது அந்த இடத்துக்கு வந்துவிட்டது. வேண்டாததை விலக்கி, வேண்டியதைச் சொந்தச் சொல்லில் சொல்வது அலுவலகக் கடிதத்திலும் செய்தியறையிலும் நீதிமன்றத்திலும் தினமும் தேவைப்படுவது. அதைத் தேர்விலிருந்து எடுத்தது பெரிய இழப்பு.

ஆனால் தேர்வில் இல்லை என்பதால் வகுப்பிலும் இருக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. பினாங்கு ரோட்டில் சௌராஸ்தா மார்க்கெட்டின் மாடிக்குப் போனால் பழைய புத்தகக் கடைகள் உண்டு. சுருக்கம் எழுதுவதற்கென்றே பத்தி பத்தியாக அச்சிட்ட பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை அங்கே தேடி எடுக்கலாம். மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, வாரம் ஒரு பத்தி என்று முதலாம் படிவத்திலிருந்தே அதில் பழக்கினால், ஐந்தாம் படிவத்தில் எழுத்துத் தாளின் மூன்றாம் பகுதி கேட்கும் 200 முதல் 250 சொற்களை அவர்கள் தாங்களே தேடி எழுதுவார்கள். அந்தப் பகுதியில் நான்கு விடைகள் அச்சாகி வருவதில்லை.