ஜலந்தரில் தைத்த பந்து தாம்பரத்தில் தேய்கிறது

தாம்பரம், வண்டலூர், மேலக்கோட்டையூர் பக்கத்து மைதானங்களில் விடியற்காலையில் பெண்கள் உதைக்கும் கால்பந்துகளில் பாதிக்கு மேல் பஞ்சாபில் பிறந்தவையாகத்தான் இருக்கும். வால்வுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் கம்பெனிப் பெயரைத் தேடிப் போனால் ஜலந்தரில் போய் நிற்போம். 1947 பிரிவினையில் சியால்கோட்டை விட்டு வந்த விளையாட்டுச் சாமான் தொழிலாளர்களும் முதலாளிகளும் அந்த ஊரில் குடியேறினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் சியால்கோட்டும் இந்தப் பக்கம் ஜலந்தரும் அன்றிலிருந்து உலகத்துக்கே பந்து தைத்துக் கொடுக்கின்றன.

பந்து எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். செயற்கைத் தோலின் அடியில் இரண்டு மூன்று அடுக்குத் துணியை ஒட்டிக் காயவைத்து, அச்சில் வைத்து வெட்டுகிறார்கள். அறுகோணத் துண்டு இருபது, ஐங்கோணத் துண்டு பன்னிரண்டு, ஆக முப்பத்திரண்டு. இவற்றோடு ஒரு பிளாடரையும் மெழுகு பூசிய நூலையும் சேர்த்துக் கட்டித் தைப்பவர்களின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெண்கள் நிறையப் பேர். முழங்கால்களுக்கு நடுவே ஒரு மரக்கவ்வியை இடுக்கிக்கொண்டு, நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, எதிரெதிராக இழுத்துத் தைக்கிறார்கள். உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்துக்கொண்டே வந்து, முக்கால்வாசி முடிந்ததும் பந்தைப் புரட்டுகிறார்கள். கடைசி ஓரத்தை மட்டும் வெளியிலிருந்து தைத்தாக வேண்டும், ஆனால் முடிச்சு வெளியே தெரியக் கூடாது. கைத்திறன் முழுக்க அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. ஒரு பந்துக்கு அறுநூறு தையலுக்கு மேல் விழும். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் மூன்று நான்கு பந்துகளைத்தான் முடிக்க முடியும். குழந்தைகளையும் இந்த வேலையில் உட்கார வைக்கிறார்கள் என்று உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகு, 1998-ல் கண்காணிப்புக்கென்றே ஓர் அமைப்பை அங்குள்ள உற்பத்தியாளர்கள் தொடங்கினார்கள். உலகக் கோப்பைப் பந்தில் இப்போது தையலே கிடையாது, சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். நம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வாங்கும் பந்து இன்னமும் பெரும்பாலும் தைத்த பந்துதான்.

உள்ளே இருக்கும் பிளாடருக்கு ரப்பர் வேண்டும். நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு கேரளத்தில் விளைகிறது. நம் பக்கம் குமரி மாவட்டம். அங்கே 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பால்வெட்டு வேலை கிடைத்தது. வெயில் ஏறுவதற்குள் பால் வெட்டி முடித்தாக வேண்டும் என்பதால் அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கும் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

ஜலந்தரிலிருந்து சென்னை இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். காற்றோடு அனுப்பினால் வண்டி கொள்ளாது. அதனால் காற்றை இறக்கி, ஒரு பக்கத்தை உள்ளே அமுக்கி, கிண்ணம் போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அனுப்புகிறார்கள். நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேட்டுக் கடைகளில் பிரித்துக் காற்று அடித்த பிறகுதான் அது பந்தாகிறது. விதிப்படி ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். கடைக்காரர் ஒருமுறை தரையில் தட்டிக் காட்டுவார். வலைப்பையில் கட்டிக்கொண்டு பார்க் ஸ்டேஷனில் மின்ரயில் ஏறினால் நேரே தாம்பரம். 1931-லிருந்து மின்சார வண்டி ஓடும் தடம் அது.

இங்கே வந்த பிறகுதான் பந்துக்குக் கஷ்டகாலம். புல்தரை கிடைப்பது கொஞ்சம் பேருக்கு. மற்ற இடங்களில் சரளை கலந்த செம்மண்தான். முதல் மாதத்திலேயே கம்பெனிப் பெயர் அழிந்துவிடும். அப்புறம் மேல்தோல் உரிந்து துணி தெரியும், மழையில் அந்தத் துணி தண்ணீர் குடிக்கும், பந்து கனக்கும். கனத்த பந்தை ஹெட் பண்ணச் சொன்னால் புதிதாக வந்த பெண் கண்ணை மூடிக்கொள்வாள். அது அவள் தப்பு இல்லை. மைதான ஓரத்துக் கருவேல முள் ஏறினால் பஞ்சர். காற்றடிக்கும் ஊசியை எச்சிலோ எண்ணெயோ தொட்டுக்கொள்ளாமல் குத்தினால் வால்வு போச்சு. அப்போதும் அதைத் தூக்கி எறிவதில்லை. ரயில்வே ஸ்டேஷன் ஓரத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் ஒரு தையலைப் பிரித்து, வேறு பிளாடரைத் திணித்து, மறுபடி மூடித் தருகிறார். ஜலந்தரில் ஒரு பெண் முடிச்சு தெரியாமல் மூடிய ஓரத்தின் மேல் தடித்த கறுப்பு நூல் ஏறுகிறது. அந்தப் பந்து மேட்ச்சுக்கு ஆகாது, பிராக்டீஸுக்கு ஆகும்.

பிராக்டீஸுக்கு வரும் பெண்களும் பலவிதம். பள்ளியில் பி.டி. மிஸ் பார்த்துச் சேர்த்துவிட்டவர்கள் உண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட் வாங்கி, விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள் உண்டு. “அக்கா, பின்னாடி ஆளு!” என்று பேக்கில் நிற்கும் பெண் கத்தினால், முன்னால் இருப்பவள் திரும்பிப் பார்க்காமலே பந்தைத் தட்டிவிடுகிறாள். நாக்பூரோ இம்பாலோ, எந்த ஊர் அணியோடு மோதவிட்டாலும் இவர்கள் தாக்குப்பிடிப்பார்கள் என்று ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் புரியும்.

நான் அதிகமாகச் சொல்லவில்லை. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் பெண்கள் இறுதிப் போட்டியில், கோப்பையைப் பெரும்பாலும் தன் வசமே வைத்திருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று தோற்கடித்தது. 2023 ஜூனில் ஹரியானாவை அதே கணக்கில் வென்று இரண்டாவது முறையும் வாங்கியது. அந்த இறுதிப் போட்டி நடந்தது அமிர்தசரஸில், பந்து தைக்கும் ஜலந்தரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில். 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கில் சாம்பியன் ஆனது. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் அப்பாக்களிடம் பயிற்சியாளர்கள் எடுத்துச் சொல்வது இந்த மாதிரி வாழ்க்கையைத்தான்.

உச்சியில் இவ்வளவு இருந்தும் அடியில் மேட்ச் இல்லை. என் மனத்தை அரிப்பது இதுதான். இந்தியப் பெண்கள் லீக்கே முதல் சில ஆண்டுகள் ஒரே ஊரில் அணிகளைக் கூட்டிச் சில வாரங்களில் முடித்துவிடும் போட்டியாகத்தான் இருந்தது. சொந்த ஊர், எதிரி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை 2023-24-ல்தான் வந்தது, அதுவும் ஏழு அணிகளோடு. இரண்டாம் டிவிஷனும் அந்த சீசனில்தான் பிறந்தது. அதற்குக் கீழே இருக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாக்அவுட் டோர்னமென்ட். மாதக்கணக்கில் பிராக்டீஸ், ஒரு தோல்வி, அன்று மாலையே பஸ் ஏறி வீடு.

நார்வேயைப் பாருங்கள். அங்கே பெண்கள் தேசிய அணி முதல் ஆட்டம் ஆடியதே 1978-ல். 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். 1983-லும் இரண்டாம் இடம். ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பியவர்கள்தான். பெண்களுக்கு உலகக் கோப்பை வேண்டும் என்று 1986-ல் ஃபிஃபா மாநாட்டில் எழுந்து கேட்டவர் நார்வேயின் எல்லன் வில்லே. 1995-ல் அந்தக் கோப்பையை நார்வே வென்றது. ஜனத்தொகை அரை கோடியைச் சற்றே தாண்டும் நாடு. காரணம் உச்சியில் மட்டும் இல்லை. மூன்றாம், நான்காம் டிவிஷனில் ஆடும் சின்ன ஊர் அணிக்கும் வசந்தத்தில் தொடங்கிப் பனிக்காலம் வரை எந்த நாள், எந்த மைதானம், யாரோடு என்று முன்கூட்டியே அட்டவணை வந்துவிடுகிறது. பதினோரு பேர் சேராத ஊருக்கு ஏழு பேர் ஆட்டமும் உண்டு. வேலைக்குப் போகிறவள், பிள்ளை பெற்றவள், தேசிய அணிக்குப் போகவே மாட்டோம் என்று தெரிந்தவள், எல்லோரும் ஆடுகிறார்கள். தோற்றால் அடுத்த வாரம் மறுபடி ஆட்டம் இருக்கிறது.

இப்படி வாராவாரம் ஆடும் லீக்கை இங்கே நடத்த ஸ்டேடியம் கட்ட வேண்டாம். தாம்பரம் மாநகராட்சி இருக்கிறது, கிறிஸ்தவக் கல்லூரி மைதானம் இருக்கிறது, மேலக்கோட்டையூரில் உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், மேலக்கோட்டையூர், கேளம்பாக்கம் என்று ஆறு அணிகள் போதும். ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடு இரண்டு தடவை மோதினால் மொத்தம் முப்பது ஆட்டம். ஞாயிறுக்கு மூன்று என்று வைத்தால் பத்து ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். மைதானம் வைத்திருக்கும் கல்லூரிகள் அந்தப் பத்து நாளுக்குக் கேட்டைத் திறந்துவிட வேண்டும், மாவட்டக் கால்பந்துச் சங்கம் ரெஃப்ரியை அனுப்ப வேண்டும், மாநகராட்சி ஒரு ஆம்புலன்ஸை நிறுத்த வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு புதுப் பந்து வாங்கித் தரும் கடைக்காரர்களை நாமே தேடிப் பிடிக்கலாம். லீக் அறிவிப்பு வந்தால் மைதானத்துக்குப் போய் நில்லுங்கள், உங்கள் வீட்டுப் பெண் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.